‘கொ’வில் தொடங்கும் சாப்பாடு

மலாயா அவசரகாலத்தில், தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா விழுந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். நானும் அம்மாவும் அடுத்த நிரையில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தோம். வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடினோம். அப்பாவின் வலது பக்கம் முழுக்கச் செயலற்றுக் கிடந்தது. வாய் ஒருபுறம் இழுத்திருந்தது. கண்கள் மட்டும் எங்களை அடையாளம் கண்டன.

லோரியில் ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டுக் கட்டில் உள்ள சின்னக் கட்டடம் அது. லயத்திலிருந்து ஒரு மைல். வேலிக்கு வெளியே, ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ‘வெளியே’தான் எங்களைப் படுத்தியது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது.

நான்காம் நாள் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. பேச்சு என்றால் ஒரே ஓர் எழுத்து. ஆஸ்பத்திரிக் கஞ்சியை இடது கையால் தள்ளிவிட்டு, “கொ…” என்றார். மறுபடியும், “கொ… கொ…” கஞ்சி வரும் வேளையில் மட்டும்தான் சொன்னார். அதனால் ஏதோ சாப்பிடும் பொருளைத்தான் கேட்கிறார் என்று முடிவு செய்துகொண்டோம்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “கொழுக்கட்டைதான் புள்ள. கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து அதுக்குத்தான் உசுர விடுவாரு.”

அந்த வாரத்துப் பங்கீட்டு அரிசியில் ஒரு பங்கை ஊறவைத்து இடித்து ஆறு கொழுக்கட்டை அவித்தாள். துணியில் முடிந்து எடுத்துப் போனோம். கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் எங்கள் லயத்துக்காரிதான். முடிச்சை அவிழ்த்தவள் முகம் சுருங்கிவிட்டது.

“அக்கா, இது அரிசி மாவு. விட முடியாதுக்கா.”

“ஒடம்பு முடியாத மனுசனுக்கும்மா. நீயும் கூட வா. அவரு வாயில போடுறத நீயே பாரு.”

“நான் வந்தா கேட்ட யாரு பாக்குறது? தேத்தண்ணிப் போத்தல்ல சீனி கெடந்துச்சுன்னு போன வாரம் ஒரு பொம்பளைய போலீஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்களே, நீங்களும் பாத்தீங்கல்ல?”

துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலரிடம் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் எங்களைப் பார்க்காமல், “தா போலே” என்றார். முடியாது என்பதற்கு மேல் அவரிடமும் வேறு சொல் இல்லை. திரும்பி வந்து கொழுக்கட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அம்மா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அதன்பிறகு வேலிக்கு வெளியே கிடைப்பதைத் தேடினோம். அசாம் ஜாவா ஊருக்குப் போகும் சாலையோரத்தில், கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்தில், ஒரு மலாய்க்கார அம்மா கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தார். விதை நீக்கி மசித்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, “கொ…” என்றார். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸர், கோப்பியாக இருக்குமோ என்று தம் வீட்டிலிருந்தே ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். அப்பா குடித்தார். குடித்து முடித்ததும் அதே எழுத்து.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவள். ஒரு தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

“கொள்ளாப்பா?”

தலையாட்டினார். அம்மா எழுந்தே விட்டாள். ஆனாலும் உறுதி செய்துகொள்ள, “கொத்தவரங்காயா?” என்றேன். அதற்கும் ஆட்டினார். கொத்தமல்லித் துவையல், கொண்டைக்கடலை, ஒருவேளை ‘கோ’வோ என்று கோழி, கோதுமை. எல்லாவற்றுக்கும் ஆட்டினார். என் குரல் உயர்ந்துவிட்டது.

“கல்லாப்பா? மண்ணா?”

ஆட்டினார். பயந்துபோனவர் மாதிரி வேகமாக ஆட்டினார். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். அவரிடம் அப்படிக் கத்தியதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வெளியே வந்தபோது டிரெஸர் சொன்னார்: “நாக்குக்கும் மனசுக்கும் நடுவுல அறுந்துபோச்சும்மா. அவரு கேக்குறது ‘கொ’ன்னுதான் ஆரம்பிக்குதான்னே சொல்ல முடியாது. இட்லின்னு நெனச்சாலும் வாயில அதான் வரும்.”

“அப்ப நான் என்னாதான்யா செய்யிறது?”

“கஞ்சியக் குடுங்க,” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவை லயத்துக்கு அனுப்பினார்கள். வேலிக்குள் வந்தாகிவிட்டது. இனி சோதனை இல்லை. அன்றே அம்மா மாவு இடித்தாள். சூடு ஆறுமுன் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். மூன்று கொழுக்கட்டையை மிச்சம் வைக்காமல் தின்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கொ…” என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்குப் பொருத்தும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாறு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். அவர் விழுந்த அன்றுகூட அழாத அம்மா அப்போதுதான் அழுதாள்.

“கேக்க மாட்டேங்கிறாரு புள்ள. நம்மள விட்டுட்டாரு.”

மூன்று வருடம் இருந்தார். மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். கருமாதிப் படையலுக்கு வாழையிலை போட்டதும் பெரியவர் ஒருவர், “அவருக்குப் புடிச்சத வைங்கம்மா” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுப்பில் சோறும் பருப்பும் இருந்தன. அதை வைத்தோம்.