ஒரு வேலைக்கு ஒரு குமிழ்

சாப்பாட்டு மேசையில் பாதியை ரேடியோ செட்டு பிடித்துக்கொண்டதால், கிரேன்காரர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. லைசென்ஸ் வாங்கிய சாதாரண ஆட்கள் தங்களுக்குள் காற்றுவழியே பேசிக்கொள்ளும் செட்டு அது. பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். முகப்பு முழுக்கக் குமிழ்கள்.

ஒரு வேலைக்கு ஒரு குமிழ் என்பது அவர் கட்சி. பகலெல்லாம் துறைமுகத்தில் அந்தரத்துக் கூண்டில் உட்கார்ந்து சரக்கு இறக்குகிற மனிதர். கண் கொக்கியை விட்டு நகரக் கூடாது. கை தானாக லீவரைத் தேடிப் போக வேண்டும். குனிந்து தேடுகிறவன் கீழே நிற்பவன் தலையில் சரக்கை இறக்கிவிடுவான். ரேடியோவுக்கும் அதே நியாயம்தான் என்பார்.

எதிர்க்கட்சி, பல்செட் அக்கா. ஊரின் மறுகோடியில் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். அவருடைய செட்டு உள்ளங்கையில் அடங்கும். நாலே நாலு பட்டன். தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை.

“தம்பி, உங்க செட்டை வாடகைக்கு விடலாம். ஒரு குடும்பம் தாராளமா குடியிருக்கும்.”

“அக்கா, உங்க தீப்பெட்டிய கெட்டியா பிடிச்சுக்கோங்க. தும்மினா பறந்துடும்.”

சாயங்காலம் ஆனால் இந்தச் சண்டைதான். இதைக் கேட்கவே அதே அலைவரிசையில் கூடிப் பேசும் குழுவில் மற்றவர்கள் செட்டைப் போடுவார்கள்.

கொஞ்ச நாளாக அக்கா பேச்சின் நடுவே காணாமல் போக ஆரம்பித்தார். வேறு ஏதோ அலைவரிசையில் அலைந்துவிட்டுத் திரும்பி வருவார். “தீப்பெட்டிக்குள்ள தொலைஞ்சு போயிட்டீங்களா?” என்று கிரேன்காரர் கிண்டலடிக்க, குழுவே சிரித்தது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அக்கா, “நீங்க சொன்னதுதான் சரி தம்பி. பெருசுதான் நல்லது” என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து வரவே இல்லை.

கிரேன்காரர் முதலில் துள்ளிக் குதித்தார். துறைமுகத்தில் டீகூட வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சோறு இறங்கவில்லை.

“ஜெயிச்ச மூஞ்சியா இது?” என்றாள் மனைவி.

“அக்கா அவ்வளவு லேசுல விட்டுக்குடுக்கிற ஆள் இல்லையேடி.”

லீவு நாளில் நேரே போய் நின்றார். அக்காவின் பட்டறையில் மெழுகுத் தாடைகளுக்கு மேல் துணி மூடியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்தது மருமகள்.

“இதப் பாருங்க தம்பி” என்று அக்கா தன் செட்டை எடுத்து ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். விரல் நடுங்கியது. செட்டு அலைவரிசை மாறி எங்கெங்கோ தாவியது. “நான் அழுத்திப் பிடிக்கிறேன். அது தட்டுறேன்னு நினைச்சுக்குது. பல் வேலைய மருமக பாத்துக்கிறா. இதையும் விட்டுடலாம்னு இருக்கேன்.”

தொலைந்து போனீர்களா என்று கேட்டது நினைவுக்கு வர, கிரேன்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து வந்தார்.

அடுத்த லீவுக்குத் தன் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு யாரும் தானம் பண்ண வேண்டாம்.”

“தானம் யாரு பண்ணா? மாத்திக்கலாம். உங்க தீப்பெட்டிய எடுங்க.”

அக்கா கையை அந்தப் பெரிய குமிழ்மேல் வைத்தார். கனமான குமிழ், கையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சுழன்றது. தன் செட்டை எடுத்து நீட்டினார்.

அன்று சாயங்காலம் கிரேன்காரர் சின்ன செட்டோடு உட்கார்ந்தார். சின்னதுதான் சௌகரியம் என்று குழு முன்னால் தோல்வியை ஒப்புக்கொள்வதாக முடிவு. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

“தம்பி, இது செட்டா, பீரோவா? இத்தனை குமிழை வச்சுக்கிட்டு நான் என்ன கப்பலா ஓட்டப் போறேன்? தூசி தட்டவே ஒரு ஆள் போடணும்போல. சொல்லுங்க, பதில் சொல்லுங்க!”

குழு முழுக்கக் காத்திருந்தது. அவருக்குத் தொண்டை வரை பதில் இருந்தது. கண் கலங்கிப் போனதில், பேசுவதற்கு அழுத்திப் பிடிக்க வேண்டிய பட்டன் எது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் லீவர் பிடித்துத் தடித்த அந்தக் கட்டைவிரலுக்கு நாலு பட்டனும் ஒன்றுதான். “இருங்கக்கா, இதோ வரேன், இருங்க” என்று வெறும் பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுண்டு விரலால் பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

“ம், சண்டை போடுங்க” என்றாள்.