பென்சில் என் கையில் இருந்த கோடை

அந்தக் கோடையில் எங்கள் அணி விளையாடிய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்கோர் எழுதியது நான். இதை எங்களுடைய ஆட்கள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

விளையாட்டு பேஸ்போல். ஒஸ்லோவில் அப்படி ஒன்று நடப்பது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குத் தெரியாது. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அணிகள்தான். எங்களுடையது மேல் பிரிவில் இருந்தது. அதற்காக யாருக்கும் சம்பளம் கிடையாது. மைதானத்துப் புல்லை வெட்டுவதும் விளையாடுகிறவர்களே. இவர், அதாவது என் கணவர், பஸ் ஓட்டுகிறார். ஊரில் கிரிக்கெட் விளையாடியவர். பஸ் டிப்போவில் யாரோ எறிந்த சாவிக்கொத்தை ஒற்றைக் கையால் பிடித்ததைக் கண்டு, கூட வேலை செய்த ஒருவர் இவரை மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான் கலியாணம் கட்டி வந்து சேர்ந்தபோது இவர் அந்த அணியில் இடது பக்கத்துத் தூர எல்லையில் நிற்கிற நிரந்தர ஆள். கோடை முழுக்கச் சனிக்கிழமை வேலையை மற்றவர்களோடு மாற்றி மாற்றி எடுப்பார். அதற்குப் பதிலாகக் குளிர்காலத்து நத்தார் வேலையெல்லாம் இவர் தலையில் விழும்.

வசந்தம் வந்ததும் ஒரு டுக்னாட் வைப்பார்கள். குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் கூலியில்லாமல் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, பார்க்க வருகிறவர்கள் இருக்கிற வாங்குகளுக்கு நிறம் பூசும் நாள். மகளுக்கு அப்போது எட்டு மாதம். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு போன வருடத்து ஸ்கோர் தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அணிக்குப் பல வருடமாக ஸ்கோர் எழுதிவந்த ஒரு அம்மா அதைக் கண்டார். அறுபது வயதை நெருங்கியவர், நோர்வேக்காரி. இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சைக்குப் போக இருந்தார். என்ன படித்தாய் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதலே இவர் சொல்லிவிட்டார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் என்று. அதோடு முடிந்தது, அவருக்குப் பதில் நான் என்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய சமையலறை மேசையில் வைத்து எனக்குப் படிப்பித்தார்.

கட்டங்களும் குறியீடுகளும் எனக்குச் சுலபமாக வந்தன. ஒன்றே ஒன்றுதான் கடினம். அடித்தவர் ஓடிப்போய் முதல் பேஸில், அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிலையில், பத்திரமாக நின்றுவிட்டால், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவர் நன்றாக அடித்திருக்கலாம். அப்போது அவருக்கு ஹிட். அல்லது பிடித்திருக்க வேண்டிய பந்தை எதிரணிக்காரர் தவறவிட்டிருக்கலாம். அப்போது அது எதிரணியின் பிழை, அடித்தவருக்கு ஒன்றுமில்லை, அவருடைய சராசரி இறங்கும். எது என்று தீர்மானிப்பது நடுவர் இல்லை. ஸ்கோர் எழுதுகிற ஆள்.

“சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாமா என்று மட்டும் கேள்” என்றார் அந்த அம்மா. “அடித்தது யார் என்று பார்க்காதே.”

முதல் நாலைந்து ஆட்டம் அப்படித்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். பிள்ளை வண்டி என் பக்கத்தில் நிற்கும். மகள் கம்பளிக்குள் நித்திரை. பிள்ளைக்குக் காற்றுப் படுகிறதோ, வெயில் படுகிறதோ என்று நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். ஆனாலும் பென்சிலைப் பிடித்திருந்த அந்த மூன்று மணித்தியாலமும்தான் நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்த நேரம்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து இவருடைய கூட்டாளி குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வந்தார். பிளாஸ்கில் தேத்தண்ணீர், ஒரு பெட்டி ரோல்ஸ். அன்று இவர் இரண்டு ஹிட் அடித்திருந்தார். கூட்டாளி என் தோளுக்கு மேலால் தாளை எட்டிப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்:

“மனுசி ஸ்கோர் எழுதினா நீ ஏன் மச்சான் ஓடுறாய்? நிண்ட இடத்தில நிண்டாலும் ஹிட்தானே. என்ன தங்கச்சி?”

எல்லாரும் சிரித்தார்கள். இவர்தான் பெரிதாகச் சிரித்தார். கூட்டாளியின் மனைவி எனக்கு ஒரு ரோல்ஸை நீட்டி, அவர் சும்மா பகிடிக்குச் சொல்கிறார் என்றார். நானும் சிரித்தேன். ஆனால் காதுமடல் சுட்டது. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பெற்ற அம்மாதான் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். ஒவ்வொரு சோதனையிலும் எனக்கு இரண்டு புள்ளி குறைத்துப் போடுவார். தன் பிள்ளைக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறா என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாதாம். அழுதிருக்கிறேன். நான் டீச்சரானால் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம்கூடப் பண்ணியிருக்கிறேன்.

அதற்கடுத்த ஆட்டத்தில் இவர் அடித்த பந்து மூன்றாவது பேஸைக் காத்து நின்ற எதிரணிக்காரரின் காலடியில் பலமாக விழுந்து தெறித்தது. அவர் குனிந்தார், பிடிபடவில்லை. இவர் முதல் பேஸில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்ப்பதில்லை. ஆனால் வாங்கில் இருந்த மற்ற மனைவிமார் பார்த்தார்கள், அல்லது பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிழை என்று எழுதினேன்.

அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைத்தான் சொல்ல வெட்கமாயிருக்கிறது. வீட்டுக்குப் போகும்வரை மனம் லேசாக இருந்தது. ஆட்டம் முடிந்து தாளை வாங்கிய பயிற்சியாளர், தச்சுவேலை செய்கிற நெட்டை மனிதர், உன் கணவருக்கு நீ கண்டிப்புத்தான் என்று தோளில் தட்டினார். அந்தச் சொல்லை ஒரு வாரம் வைத்து வைத்து நினைத்துப் பார்த்தேன். பிறகு அது பழகிவிட்டது. சந்தேகமான பந்து மற்றவர் அடித்தால் யோசிப்பேன். இவர் அடித்தால் யோசிக்க மாட்டேன், பிழைதான்.

பிள்ளை விஷயத்திலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். சுகாதார நிலையத்துத் தாதி, மகள் ஏதாவது சொல் சொல்கிறாளா என்று கேட்டபோது, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் அதற்கு முதல் கிழமையே “அம்மா” சொல்லியிருந்தாள். அது சொல்தானா, வெறும் சத்தமா என்று எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாதது எல்லாவற்றையும் எங்களுக்கு எதிராக எழுதுவதுதான் நேர்மை என்று நான் நினைத்திருந்தேன்.

ஆட்டம் முடிந்த மறுநாள் இவர் என் பிரதித் தாளை எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். யூலை மாதத்தில் ஒருநாள், பந்து முந்தி மாதிரிப் போகுதில்லை போல என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போய், வலைக்குள் நின்று ஒரு மணித்தியாலம் தனியே அடித்துவிட்டு வரத் தொடங்கினார். பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு வீட்டில் நிற்கிறதில்லை என்று நான் இவரோடு சண்டை பிடித்தேன். உங்களுக்குப் பிள்ளையை விடப் பந்துதான் பெரிசு என்றும் சொன்னேன். இவர் மன்னிப்புக் கேட்டார்.

கோடை முடிகிற நேரம் எங்கள் அணி இரண்டாவதாக வந்தது. செப்ரெம்பரில் முதலாவது அணியோடு இறுதிப் போட்டி. இடது எல்லைக்கு இவரும் புதிதாகச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவரும் இருந்தார்கள். கோடை முழுவதும் பயிற்சியாளர் இருவரையும் மாறி மாறி இறக்கியிருந்தார். இறுதிப் போட்டிக்கு ஒருவர்தான். ஏழு வருடம் அந்த அணியில் இருந்தும் இவர் இறுதிப் போட்டி விளையாடியதில்லை. முந்தி அணி அந்த அளவுக்கு வந்ததே இல்லை. வியாழக்கிழமைப் பயிற்சியில் பெயர்கள் வாசிக்கப்படும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கோப்பில் வைப்பதற்கு. நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்றில் மாணவர் அடித்த பந்து, மூன்றாவது பேஸ்காரரிடம், ஹிட். மற்றதில் இவர் அடித்தது, அதே திசை, அதே மாதிரிக் குறிப்பு, பிழை. விரலால் தட்டிக் காட்டினார். இன்னொன்றைக் காட்டினார். ஏழு இடங்கள்.

“ஏன்?” என்றார்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஆட்டம் முடிந்து ஒரு நாளுக்குள் என்றால் ஸ்கோர் எழுதியவரே திருத்தலாம், இவையெல்லாம் பேஸ்போல் சங்கத்துக்குப் போய்விட்டன, இனித் திருத்த முடியாது என்றார். ஆனால் பயிற்சியாளரிடம் சொல்லலாம், வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார். கோப்பியைக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போனார்.

அந்த இரண்டு நாளில் நான் தொலைபேசியை எத்தனை தரம் கையில் எடுத்தேன் என்று தெரியாது. எடுத்த ஒவ்வொரு முறையும் அதே யோசனை. இப்போது போய்ச் சொன்னால், பெயர் வாசிக்கிற நேரம் பார்த்துக் கணவனுக்காகக் கதைக்க வந்திருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள். கோடை முழுக்க எதற்குப் பயந்தேனோ அதற்கே திரும்பவும் பயந்து, அழைக்காமலே வைத்தேன். முதல் தரம் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லலாம். இது தெரிந்து செய்தது.

வியாழன் நானும் மைதானத்தில் நின்றேன். பயிற்சியாளர் எட்டுப் பெயர்களை வாசித்தார். ஒன்பதாவதுக்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“என் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். அதனால் தாளைப் பார்த்தேன்.”

மாணவரின் பெயரை வாசித்தார். இவர்தான் முதலில் கைதட்டினார்.

வீட்டில் இவர் மகளுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஏழு இடத்தையும் சொன்னேன். கூட்டாளியின் பகிடியையும், செவ்வாய்க்கிழமையையும், தொலைபேசியையும் சொன்னேன். இவர் கரண்டியை நிறுத்தவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தார்.

“நான் தாளைப் பாக்கேக்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது” என்றார். “அந்தப் பந்துகள் நல்லாப் பட்டது எண்டுதான் கைக்குத் தெரிஞ்சது. ஆனா நீர் படிச்ச ஆள். நீர் எழுதினாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்.”

நான் இப்போதே பயிற்சியாளரோடு கதைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அந்தப் பொடியன் ஆயத்தமாகிவிட்டான், தாயையும் தகப்பனையும் வரச்சொல்லியிருப்பான் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. பயிற்சியாளரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இறுதிப் போட்டிக்கும் ஸ்கோர் நான்தான். அந்த அம்மா பக்கத்தில் இருந்தார். கடைசிச் சுற்றில் நாங்கள் மூன்று ஓட்டம் பின்னால். பயிற்சியாளர் வாங்கைத் திரும்பிப் பார்த்து, இன்னொருவருக்குப் பதிலாக அடிப்பதற்கு இவரைக் கூப்பிட்டார். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். இரண்டாவது பந்து. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் தரையோடு வேகமாகப் போனது. அங்கே நின்ற எதிரணிக்காரர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துக் குனிந்தார். பந்து கையுறைக்குள் போய் வெளியே விழுந்தது. இவர் முதல் பேஸில் நின்றார்.

பென்சில் தாளில் தொட்டுக்கொண்டு நின்றது. ஹிட் என்று எழுதினால் குற்றத்தைக் கழுவுவதற்கு எழுதுகிறேன். பிழை என்று எழுதினால் பழைய பழக்கம். பந்து எப்படிப் போனது என்பதே என் மனதில் இல்லாமல் போய்விட்டது. பென்சிலை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பிழை என்று எழுதி, பென்சிலைத் திருப்பித் தந்தார். பந்து கையுறைக்குள்ளேயே போய்விட்டது, அவர் பிடித்திருக்க வேண்டும் என்றார். அடுத்தவர் ஆட்டமிழந்தார். தோற்றோம்.

காரில் மகள் பின்னால் தூங்கிவிட்டாள். பெருந்தெருவில் ஏறிய பிறகு இவர் கேட்டார்:

“என்ர பந்துக்கு என்ன எழுதினது?”

“பிழை எண்டு.”

“நீரோ எழுதினது?”

“இல்லை. அவ எழுதினவ.”

இவர் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனத்தைப் பார்த்து, சிக்னல் போட்டு, மற்றப் பக்கத்துக்கு மாறினார். கேட்ட குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

“அப்ப சரியாத்தான் இருக்கும்” என்றார்.