பேரளி தாண்டியும் இறங்காதவர்

சாயங்காலம் பெரம்பலூர்ல இருந்து அரியலூர் பஸ். அடுத்து வரப்போற கேம் கன்சோலோட அறிமுக நிகழ்ச்சி போன்ல லைவா ஓடிட்டிருந்துச்சு.

நான் வருசக்கணக்கா எதிர்பாத்த கேமோட மூணாம் பாகம் அதுல இல்ல. எரிச்சல்ல மூடப் போனேன்.

"மூடாதீங்க தம்பி," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நாப்பது வயசிருக்கும். "ஒத்தக் கையால ஆடுற கன்ட்ரோலர் வருதுன்னு பேசிக்கிட்டாங்க. அதச் சொல்லிட்டாங்களா?"

அப்பதான் மடியில கிடந்த அவரோட வலது கையைப் பாத்தேன். பைக் விபத்துக்கு அப்புறம் அசையறதில்லையாம்.

"முன்னாடி நானும் எம் பொண்ணும் சேந்துதான் ஆடுவோம். என்னால முடியலன்னதும் அதுவும் விட்டுருச்சு."

மேடையில ஒருத்தர் புது கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினார். அந்த நேரம் பாத்து சிக்னல் போயிருச்சு.

"பேரளி எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். அதுதான் அவர் ஊர். எழுந்தவர், திரும்ப உக்காந்துட்டார். திரையில சுத்துற வட்டத்தையே ரெண்டு பேரும் பாத்துட்டிருந்தோம்.

படம் திரும்ப வந்தப்போ, மேடையில ஒரு பொண்ணு அந்த கன்ட்ரோலரை வச்சு இடது கையால மட்டும் ஆடிட்டிருந்தா.

அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்கி, வந்த வழியே வேகமா நடந்தார்.

"அவருக்கு என்னப்பா, போனைப் பாத்துட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டு போறாரு, வேலை கிடைச்சிருச்சா?"ன்னு கண்டக்டர் கேட்டார்.

"இல்லண்ணே, பொண்ணு கூட வெளையாடப் போறாரு."

கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு முன்னாடி போயிட்டார். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?