வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

கூலாய் நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அரிசி மணியைவிடச் சற்றுப் பருமனான ஒரு பொருளைச் செய்கிறோம். அதற்குள் மெல்லிய குவார்ட்ஸ் படிகச் சில்லு ஒன்று இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அது ஒரே வேகத்தில் அதிரும். காரில் வழிகாட்டும் கருவியிலிருந்து கைப்பேசிக் கோபுரம் வரை எல்லாம் அந்த அதிர்வை எண்ணித்தான் நேரம் தப்பாமல் ஓடுகின்றன. தொல்லை என்னவென்றால், குளிரோ சூடோ பட்டால் படிகத்தின் வேகம் மாறிவிடும். மாற்றம் மிகச் சிறியதுதான். வாங்குகிறவர்கள் அதைக்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

அதனால் படிகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிப்பை வைக்கிறோம். அது சூட்டைப் பார்த்து, அதற்கேற்ப படிகத்தின் வேகத்தைத் திருத்தும். எந்தச் சூட்டில் எவ்வளவு திருத்துவது என்பதை நாங்கள்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். ஓர் அலுமினியத் தட்டு நிறைய இந்தப் பொருள்களை (எங்கள் பேச்சில் அவையும் சில்லுகள்தான்) அடுக்கி, பீரோ மாதிரி இருக்கும் சேம்பருக்குள் வைத்து, உறைகுளிரில் தொடங்கி, கை வைக்க முடியாத சூடு வரை படிப்படியாக ஏற்றுவோம். ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் காத்திருந்து அளப்போம். கடைசியில் அவரவர் கணக்கை அவரவர் சிப்பில் எழுதிவிடுவோம். சில்லுகளைப் பற்றி அப்படி ஆட்களைப்போலப் பேசுவது எனக்குப் பழகிவிட்டது. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது.

அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் நான் கை வைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளியில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா பாலோ ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன் என்று லாரி போகும் இடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் ஆறு மாதத் தற்காலிக ஆள்தான். ஆறாவது மாத முடிவில் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். அதற்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம், ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு புது ப்ரோக்ராம் எழுதினேன். பத்துச் சில்லுகளை வைத்துச் சோதித்தேன். பத்தும் சரியாக வந்தன. எங்கள் இன்ஜினியரிங் மேனேஜர் சிலோன் தமிழர். வழக்கமாக இங்கிலீஷில்தான் பேசுவார், கோபம் வந்தால்தான் தமிழ் வரும். அன்றைக்கு இங்கிலீஷிலேயே பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாளில் முடிகிற தட்டுகள் கூடின. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாவது மாதக் கடைசியில் நாங்கள் அனுப்பியவை வாடிக்கையாளரிடமிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. குளிரில் வேகம் தப்புகிறது என்றார்கள். அவற்றைச் செய்த சமயத்தில்தான் படிகம் அனுப்புகிற கம்பெனியும் புதுச் சரக்கு அனுப்பியிருந்தது. "கிறிஸ்டல் சரியில்லைன்னு ரிப்போர்ட் எழுது, திங்கட்கிழமை எனக்கு வேணும்" என்றார் மேனேஜர். தமிழில் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ரிப்போர்ட்டுக்காக, திரும்பி வந்தவை எந்தத் தேதியில் எந்தத் தட்டில் சேம்பருக்குள் போனவை என்று பட்டியல் போட்டேன். எல்லாக் கிழமையும் இருந்தது, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இல்லை. எத்தனை வாரம் பார்த்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சேம்பருக்குள் போன தட்டு ஒன்றுகூடத் திரும்பவில்லை. படிகமோ எல்லா நாளும் அதே படிகம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பட்டியலை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

லைன் லீடர் அக்காவிடம் போனேன். கூலாய்க்காரர். சேம்பர் அறையில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அவர் சொல்படிதான் நடப்பார்கள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் என்னா வித்தியாசமா செய்றீங்க?"

"காலையில கோயிலுக்குப் போயிட்டு வர்றோம்ல, அதான்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"விளையாடாதீங்கக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டது மட்டும்தான் பாஸ் ஆகியிருக்கு."

அக்காவின் முகம் மாறியது. சேம்பர் ஓட்டும் மலாய்க்காரரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாருக்கும் அவர் அபாங், அண்ணன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அலமாக், மாட்டிக்கிட்டோமே, சொல்லிரலாமா?" என்றார் அக்கா அவரிடம். பிறகு என்னிடம், "தம்பி, கோபப்படாத. வெள்ளிக்கிழமை அபாங் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும்ல? உன் ப்ரோக்ராமு பாதி நேரத்துலயே முடிஞ்சிரும். முடிஞ்சதும் பீப் பீப்புன்னு அது பாட்டுக்குக் கத்தும். நாங்க பக்கத்து ரூம்ல சோறு திங்கவா, அந்தக் கத்தலக் கேக்கவா? நான்தான் பழசையே போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். பழசுன்னா அவரு வர்ற வரைக்கும் ஓடும்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ எவ்ளோ ஆசையா செஞ்ச. வாரத்துல ஒரு நாளு நாங்க அத ஓரங்கட்டுறோம்னு தெரிஞ்சா மூஞ்சி தொங்கிரும்ல?"

அபாங்கும் மலாயில் அதையேதான் சொன்னார், மன்னிப்போடு.

அன்று மாலையே தட்டு நிறைய அடுக்கி, நடுவில் சூடு அளக்கும் மெல்லிய கம்பியைச் செருகி, என் ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்தேன். சேம்பரின் காற்று குளிர்ந்துவிட்டது. தட்டு இன்னும் குளிர்ந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் சிப் ஒரு சூட்டில் இருக்கிறது, பக்கத்திலிருக்கும் படிகம் வேறொரு சூட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாவதற்கு முன்பே நான் அளந்து, தப்பான கணக்கை எழுதியிருக்கிறேன். பத்தே சில்லுகளோடு சோதித்தபோது தட்டு ஏறக்குறைய காலி, சீக்கிரம் குளிர்ந்துவிட்டது. நிறைந்த தட்டில் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கடிதம் வர இன்னும் நான்கு வாரம் இருந்தது. படிகக் கம்பெனியின் மேல் பழியைப் போட்டு எழுதிவிட்டு, ப்ரோக்ராமைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிடலாம். கடிதம் வந்துவிடும். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தது, ஒரு ராத்திரி தங்கியது.

திங்கட்கிழமை வேறு ரிப்போர்ட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"யார் டைம குறைச்சது?"

"நான்தான் சார்."

"யார் சைன் பண்ணது?"

"நீங்க சார்."

ரிப்போர்ட்டை மூடினார். "அப்ப ரெண்டு முட்டாள்" என்றார். "சப்ளையர் பேர போட்டு அனுப்பியிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியுமா உனக்கு?"

"ப்ரோக்ராம் அப்படியே இருந்தா அடுத்த தட்டும் திரும்பி வந்திருக்கும் சார். வெள்ளிக்கிழமை தட்டத் தவிர."

சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. "கன்பர்மேஷன் இப்ப தரமாட்டேன். மூணு மாசம் தள்ளி வைக்கிறேன். ஏதாச்சும் சொல்லணுமா?"

"தள்ளி வைங்க சார். புது ப்ரோக்ராமும் நான்தான் எழுதுவேன்."

"பழசு இருக்கே, போதாதா?"

"பழசு சும்மா நிறைய நேரம் காத்திருக்குது சார். எவ்வளவு காத்திருக்கணும்னு அதுக்கும் தெரியாது."

அவர் மறுபடி இங்கிலீஷுக்கு மாறினார். சரி, எழுது, ஆனால் நிறைந்த தட்டோடு, நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றார்.

இப்போது ஓடுவது அந்தப் புது ப்ரோக்ராம்தான். அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தட்டின் நடுவிலும் ஓரத்திலும் சூட்டை அளக்கும், இரண்டும் ஒன்றாகி அசையாமல் நின்றால்தான் படிகத்தை அளக்கும். என் முதல் ப்ரோக்ராமைவிட மெதுவானது, பழையதைவிட வேகமானது. திரும்பி வந்த எல்லாவற்றையும் அதில் போட்டுத் திருத்தி அனுப்பினோம். இதுவரை ஒன்றும் திரும்பவில்லை.

தள்ளிவைத்த விஷயத்தை அன்றைக்கே போனில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்றார். சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்பா என்றேன். மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி. கடிதம் வரும்.