வேன்மேல் கட்டிய படங்கு

ஹட்டன் கராஜுக்குக் காரை எடுக்கப் போனது நானும் தங்கச்சியும். அப்பா வரவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்களை அவர் நம்புவதில்லை.

நசுங்கிய கதவைத் தட்டி எடுத்துப் புதுசாக அடித்திருந்தார்கள். "ஒரு மாசத்துக்கு மெழுகு போடாதீங்க தம்பி. எதையும் போட்டு மூடாதீங்க," என்றார் பெயின்டர், என் முகத்தைப் பார்க்காமலே. தின்னர் வாடை மூக்கில் ஏறியதும், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் முன்பு நின்ற நீல வேன் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பழைய வேன் ஒன்றை வாங்கி, முதல் கல்யாண ஹயர் ஓட்டத்துக்காகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். அந்தப் பெயின்டரும் மூடாதீங்க என்றுதான் சொன்னாராம்.

"எவனாவது கீறுனா திரும்ப அவன்கிட்டதானே போகணும். அதுக்குத்தான் சொல்றான்," என்றார் அப்பா. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சின்னையா மாமா வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததுகூட அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகையில் அம்மா இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கோடு, இரவல் வாங்கிய நாலு படங்கையும் சேர்த்து வேனை இறுக்கி மூடினார். அன்றைக்கு விடாத தூறல்.

காலையில் பிரித்தால், காயாத பெயின்டில் சாக்கின் இழை இழையாகப் பதிந்திருந்தது.

"சின்னையா வேலைதான் இது," என்றார் அப்பா.

"ஆமா, ராவெல்லாம் உக்காந்து அவருதான் சாக்கு நெய்தாரு," என்றாள் அம்மா.

இன்று நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மூடாதேன்னு சொன்னானா?"

"ஆமாப்பா."

"அப்ப அதுல ஏதோ இருக்கு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அன்னைக்கும் இருந்துச்சுங்க. ஹயரு கைவிட்டுப் போனது போக, வேனுக்குத் திரும்ப அடிக்க ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா."