இறக்கத்தில் மட்டும் வந்த சத்தம்

எனக்குக் கல்யாணமான ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்காரர் கார் வாங்கினார். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும் முன் விற்றுவிட்டுப் போன வண்டி அது. பச்சை நிறம், தரையை ஒட்டிய உயரம், மேலே மடக்குகிற துணிக்கூரை, உள்ளே இரண்டே இருக்கை. எங்கள் கம்பம் ஊர்க்காரர்கள் அதற்குத் தவளைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பத்தொன்பது பேர் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு பேர் உட்காரும் காரை ஓட்டிக்கொண்டு வந்த புத்திசாலியைத்தான் கட்டியிருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ஏலக்காய் வியாபாரத்துக்குக் குமுளி போய்வர உதவும் என்று சொன்னதால்தான் அவர் சம்மதித்திருந்தார்.

பூசை போட்ட அன்று அத்தையை, அதாவது என் மாமியாரை, உட்காரவைத்துக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார் இவர். மறுநாளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. கடக், கடக் என்று தொடங்கி, வேகம் எடுத்ததும் கடகடவென்று அடித்தது. இவர் முன்மூடியைத் திறந்து ஒவ்வொரு மரையாக முடுக்கினார். சக்கரங்களைக் கழற்றி மாட்டினார். சட்டையெல்லாம் கிரீஸ். ஓட்டுகிறவர் காதுக்கு என்ஜின் இரைச்சல்தான் கேட்கும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனித்தால்தான் பிடிபடும் என்று தன் அண்ணனைக் கூட்டிப்போனார். அண்ணன் திரும்பி வந்து, "எல்லாமே சத்தமாத்தாண்டா இருக்கு, இதுல எதுன்னு நான் சொல்ல?" என்றார்.

அப்போதுதான் அத்தை, கீரை ஆய்ந்துகொண்டே, "ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயேன். மூணாவது வீட்டுல தாளிக்கிறதுகூட அவளுக்குக் கேக்கும்" என்றார். வீடே நிமிர்ந்து பார்த்தது. மாமனார் யோசித்துவிட்டு, "சத்தத்தக் கண்டுபிடிக்கிற வரைக்கும் போய்ட்டு வரட்டும்" என்றார்.

அந்த வீட்டில் பகலில் புருசனும் பெண்டாட்டியும் நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. இரவில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். ஏழு மாதத்தில் நான் அவரிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டை நிரப்பாது. இப்போது தினமும் நாலு மணிக்குக் கூடலூர் சாலையில், புளியமரங்களுக்கு நடுவே, நாங்கள் இரண்டே பேர். முதல் நாள் இரண்டு பேரும் நிஜமாகவே சத்தத்தைத்தான் கவனித்தோம். இரண்டாம் நாள் அவருக்குப் புடலங்காய் கண்டாலே ஆகாது என்று தெரிந்தது. மூன்றாம் நாள் எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்று சொன்னேன். நம்பவில்லை. அடித்துக் காட்டினேன். கார் வாய்க்காலில் இறங்கப் பார்த்தது. அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்கு முன் எந்த நாளும் சிரித்ததில்லை.

இடையில் ஒன்று என் மனசில் உறுத்தியது. மேட்டில் ஏறும்போது சத்தமே இல்லை, இறங்கும்போதுதான் வருகிறது. என்ஜினில் கோளாறு என்றால் திணறி ஏறும்போது அல்லவா வரவேண்டும்? ஏதோ ஒன்று உள்ளே உருண்டு முன்னும் பின்னும் போகிறது என்று தோன்றியது. நாலாம் நாள் அவர் வண்டியை நிறுத்தி முன்மூடிக்குள் தலையை விட்டிருந்தபோது, என் இருக்கைக்குப் பின்னால் கை ஒன்று நுழைகிற சந்தில் துழாவினேன். விரலில் பட்டது அத்தையின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி.

தாய்வீட்டிலிருந்து அத்தை கொண்டுவந்த டப்பி அது. பூசை அன்றிலிருந்து காணோம் என்று குதிருக்கு அடியிலெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இவரைக் கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டால் நாளைக்கு நாலு மணிக்கு நான் ஆட்டுக்கல் முன்னால்தான் இருப்பேன். டப்பியை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டேன்.

"ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா, புள்ள?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

பிறகு ஒரு வாரம் சந்தோசமும் குற்ற உணர்ச்சியும் மாறி மாறி வந்தன. அவர் பாவம், நல்லாயிருந்த மரைகளையெல்லாம் மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னால் அந்த நிமிசமே வீட்டில் போய் ஒப்பித்துவிடுகிற ஆள் என்பதால் அவரிடமும் சொல்லவில்லை. அத்தையோ சுண்ணாம்பைச் சிரட்டையிலிருந்து எடுத்து, அளவு தெரியாமல் தடவி, வாய் வெந்துபோய்க் குழம்பு தொடமுடியாமல் மோர்ச்சோறு சாப்பிட்டார். அதோடு மாமனாரும், மதுரைப் பட்டறைக்கு அனுப்பி என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டார். ஒரு சுண்ணாம்பு டப்பிக்காக என்ஜினைப் பிரிப்பதா? அன்று மாலை டப்பியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். காலையில் அடுப்படியில் அத்தை தனியாக இருந்தபோது நீட்டினேன்.

"எங்கன கெடந்துச்சு?"

"கார்ல, அத்தே. இருக்கைக்குப் பின்னால. இதுதான் அந்தச் சத்தம்."

டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடிபட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "நேத்துத்தான் கண்டியா?"

பொய் வரவில்லை. "ஒரு வாரமாச்சு, அத்தே."

அத்தை வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், மடித்து வாயில் போட்டார். "அம்புட்டு நேரம் ரெண்டு பேரும் என்னதான் பேசுவீக?" என்றார்.

"அவருக்குப் புடலங்காய் பிடிக்காதாம், அத்தே."

மெல்லுவது நின்றது. "இருபது வருசமாப் போடுறேன். ஒரு நா வாயத் தெறக்கலையே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், "ஒங்க மாமாவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஆத்தா. நானும் கேட்டதில்ல, அவுகளும் சொன்னதில்ல" என்றார்.

முந்தின நாள் மாலைதான் நான் டப்பியைக் காரில் கண்டெடுத்ததாக அத்தை வீட்டில் சொல்லிவிட்டார். சத்தம் நின்றது, எங்கள் பயணமும் நின்றது. நாலு நாள் நாலு மணிக்கு மாவாட்டினேன். ஐந்தாம் நாள் மாமனார் காரில் குமுளி போய் இறங்கி வந்ததும் வராததுமாக, "மறுபடியும் வந்துருச்சுடா. இந்தத் தடவ நங்கு நங்குன்னு அடிக்குது" என்றார். இவர் மதுரைப் பட்டறை என்று ஆரம்பித்தார். "பட்டறை எதுக்கு? போன தடவை கண்டுபிடிச்ச புள்ள வீட்டுலதான இருக்கு?" என்றார் மாமனார்.

நாங்கள் புறப்பட்டபோது அத்தை கொட்டைப்பாக்கைச் சின்ன உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அவசரப்படாம நிதானமாத் தேடுங்க" என்றார்.

கூடலூர் தாண்டி முதல் இறக்கத்திலேயே நங்கென்றது. சந்துக்குள் கையை விட்டேன். கனமாக, சில்லென்று, அத்தையின் பாக்குவெட்டி. இவர் வண்டியை நிறுத்தி அதை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த முறை நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவரே அதைப் பழைய இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தக் கோடை முழுக்க அத்தை பாக்கை இடித்துத்தான் போட்டுக்கொண்டார்.