முதலில் மாலை, பிறகு புகார்

மலேசியாவில் கூலிம் நகரில் அரசு அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்க ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதில் முதலில் சேர்ந்த ஒப்பந்த ஊழியர் நான். பொது நிர்வாகம் படித்துவிட்டு, தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். வேலை கிடைத்ததும் நாடு திருந்தப் போகிறது என்று வீட்டில் அறிவித்தேன். "மொதல்ல ஒன் ரூம கூட்டு," என்றார் அம்மா.

சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். புகார் தருபவரின் ரகசியம் காக்க முகப்பில் கண்ணாடித் தடுப்பு வேண்டும் என்று நான்தான் வாதாடினேன். வைத்தார்கள். இரண்டு பக்கமும் கத்திப் பேச வேண்டியதாயிற்று. புகார்கள் கீழே கடை வரைக்கும் கேட்டன.

பிரிவின் தலைவர், ஓய்வுபெறும் வயதில் எங்களிடம் அனுப்பப்பட்டவர். எல்லாருக்கும் அண்ணன். "திறப்பு விழாவுக்குக் கூட்டம் வேணும்லா. எஸ்டேட் ஆளுங்கள ஏத்திக்கிட்டு வா," என்றார்.

செர்டாங் போகும் வழியில் ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டம். அது கைமாறியதில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோயிருந்தது. நான் போனபோது ஓர் அக்கா, படுக்கையில் கிடக்கும் கணவரை லாரித் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் செலவழித்தால் சமைக்க இருக்காது.

"புதுக் குழாய் கேட்டு மனு குடுத்தாச்சு தங்கச்சி. அந்தத் தண்ணி ஆபீஸ் துவான், பெரிய அதிகாரி, அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கிறாரு. எந்த வருசத்து அடுத்த வாரம்னுதான் தெரியல."

"அவர் மேலயே புகார் குடுக்கலாம்க்கா. அதுக்குத்தான் நாங்க."

"அவருக்குக் கோவம் வராதா?"

"வந்தா அதுக்கும் புகார் குடுக்கலாம்."

விழாவன்று துறைத் தலைவர்கள் எல்லாரையும் கீழே கடை வாசலில் முன்வரிசையில் உட்கார வைத்தோம். யார் மீது புகார் வருமோ அவர்களை அழைக்காமல் விழா நடத்துவது மரியாதை இல்லை என்றார் அண்ணன். தண்ணீர் அதிகாரியும் வந்திருந்தார். நான் பேசி ஏற்பாடு செய்திருந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினார். கையில் வாழையிலைப் பொட்டலம். நேராக முன்வரிசைக்குப் போனார், பொட்டலத்தைப் பிரித்தார், செவ்வந்தி மாலையை அந்த அதிகாரியின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்றார் போட்டோக்காரர். போட்டார். பிறகு மாடியேறி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அதே அதிகாரி மீது எங்கள் பிரிவின் முதல் புகாரைக் கொடுத்தார்.

"என்னக்கா இது?" என்று கத்தினேன்.

"எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான். பெரியவங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னா மொதல்ல மாலை. வெறுங்கையோட போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?"

அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி அதைக் கைகாட்டி, இவர்களுக்கு என்மேல் குறை இருப்பதுபோலவா தெரிகிறது என்று மலாயில் கேட்டார். அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். 'நல்லுறவு நிலவுகிறது, மேல் விசாரணை தேவையில்லை' என்று எழுதச் சொன்னார்.

நான் விடவில்லை. அக்காவைப் போனில் கூப்பிட்டு, அண்ணன் காதுபடப் பேசவைத்தேன்.

"மாலை மரியாதைக்கு. புகாரு தண்ணிக்கு. படிச்சவங்க ரெண்டையும் ஏன் கொழப்புறீங்க?"

"சரிதான். இத மலாய்ல எப்படி எழுதுவே?" என்றார் அண்ணன்.

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மேலிடத்துக்கு அனுப்பினோம். மேலிடம், அந்தப் படத்தின் தெளிவான பிரதி ஒன்றைக் கேட்டது. அனுப்பினோம். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா அவ்வப்போது போன் செய்தார். அடுத்த வாரம் பதில் வந்துவிடும் என்றேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னேன்.

ஒருநாள் காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். அக்கா. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"தண்ணி வந்துருச்சாக்கா?" சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன்.

"இல்லம்மா."

பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வந்தி. கண்ணாடியில் தாள் நுழைய விட்டிருந்த இடைவெளியில் மாலை நுழையவில்லை. நான் வெளியே வந்தேன்.

"கொஞ்சம் குனி தங்கச்சி."

அண்ணன் தன் அறையிலிருந்தபடியே, "யார் மேல புகாருலா?" என்று குரல் கொடுத்தார்.

குனிந்தேன்.